நீதவான் ஆசனத்தில் ஓர் ஒப்புதல்

தோமஸ் ஹார்டியின் 'காஸ்டர்பிரிட்ஜ் நகர மேயர்' (1886) நாவலின் நாயகன் மைக்கேல் ஹென்சார்ட், வைக்கோல் கட்டும் கூலித் தொழிலாளி. குடிவெறியில் மனைவியையும் குழந்தையையும் மாலுமி ஒருவனுக்கு ஐந்து கினிகளுக்கு விற்றுவிடுகிறான். வெறி தெளிந்ததும் 21 ஆண்டுகள் மதுவைத் தொடுவதில்லை எனச் சத்தியம் செய்கிறான். தானிய வணிகனாகி, மேயராகவும் உயர்கிறான்.

பின்னர் அவன் நீதவானாக அமர்ந்திருந்த ஒருநாள், குற்றஞ்சாட்டப்பட்டு நின்ற ஏழைக் கிழவி அந்தப் பழைய விற்பனையைச் சபையில் போட்டுடைக்கிறாள். மறுத்தால் அவன் சொல்லே எடுபட்டிருக்கும். ஆனால் உண்மையென ஏற்று, அவளுக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி தனக்கில்லை என்கிறான்.

பிறகு கடன், வறுமை, தனிமை. தன்னை எவரும் நினைவுகூர வேண்டாமென எழுதிவைத்து இறக்கிறான். ஆனாலும், அவனது மீட்சி அந்த ஆசனத்திலேயே தொடங்கிவிட்டதாக நான் வாசிக்கிறேன். வீழ்ந்தபின் வருந்துவோர் பலர். அதிகாரத்தில் இருக்கும்போதே ஒப்புக்கொள்வோர் அரிது.