மோட்டார் காயில் ஏன் கருகுது? ரெண்டு நம்பர்ல விடை இருக்கு!

உங்க மொபைல் சார்ஜரைத் திருப்பிப் பாருங்க. பொடி எழுத்துல '5 வோல்ட், 2 ஆம்பியர்' மாதிரி ஏதாவது இருக்கும். ரெண்டையும் பெருக்கினா 10. அதாவது, அது 10 வாட் சார்ஜர். '9 வோல்ட், 2 ஆம்பியர்'னு இருந்தா 18 வாட். ஃபாஸ்ட் சார்ஜிங்கோட ரகசியம் இவ்வளவுதான்!

இதே கணக்கு தெரிஞ்சா வீட்டு ஸ்விட்ச் போர்டையும், வயக்காட்டு மோட்டாரையும் காப்பாத்தலாம்.

ரெண்டே ரெண்டு சூத்திரம்

மேல்நிலைத் தொட்டியை நினைச்சுக்கோங்க. தண்ணியைத் தள்ளும் அழுத்தம்தான் வோல்டேஜ். குழாயில் ஓடும் தண்ணியின் அளவு கரன்ட், அதோட அலகு ஆம்பியர். குழாய் எவ்வளவு குறுகலோ, அந்தத் தடைதான் ரெசிஸ்டன்ஸ். அதை ஓம் என்ற அலகில் சொல்வோம். 1827-ல் ஜெர்மனியின் கியோர்க் ஓம் இந்த உறவைப் புத்தகமாக வெளியிட்டார். அலகுக்கும் அவர் பெயரே நிலைச்சிடுச்சு.

* ரெசிஸ்டன்ஸ் = வோல்டேஜ் ÷ கரன்ட்
* பவர் (வாட்) = வோல்டேஜ் × கரன்ட்

அயர்ன் பாக்ஸை வெச்சுப் பார்ப்போம்

நம்ம வீட்டு சப்ளை 230 வோல்ட். 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் எவ்வளவு கரன்ட் இழுக்கும்? 1,000-ஐ 230-ஆல் வகுத்தா சுமார் 4.35 ஆம்பியர். அதோட ரெசிஸ்டன்ஸ்? 230-ஐ 4.35-ஆல் வகுத்தா ஏறக்குறைய 53 ஓம்.

சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்கிடுச்சுன்னு வெச்சுப்போம். ரெசிஸ்டன்ஸ் பெருசா மாறாது. 180 ÷ 53 = 3.4 ஆம்பியர். பவர், 180 × 3.4 = சுமார் 612 வாட். வோல்டேஜ் குறைஞ்சது 22 சதவிகிதம்தான். ஆனா, சூடு கிட்டத்தட்ட 40 சதவிகிதம் போயிடுச்சு. சட்டைச் சுருக்கம் போகாததுக்கு இதுதான் காரணம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஜாக்கிரதை

சாதாரண 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குறது, 230 × 6 = 1,380 வாட். 1,500 வாட் கெட்டில் மட்டுமே 6.5 ஆம்பியர் இழுக்கும். அதே பாக்ஸ்ல அயர்ன் பாக்ஸையும் சொருகினா 11 ஆம்பியரை நெருங்கிடும். வயர்ல உருவாகும் சூடு, கரன்ட்டின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். கரன்ட் ரெண்டு மடங்கானா, சூடு நாலு மடங்கு! பிளக் தொட்டா சுடுதுன்னா உடனே ஆஃப் பண்ணிக் கழட்டுங்க. கெட்டில், ஹீட்டர் எல்லாம் 16 ஆம்பியர் பாயின்ட்டுக்குப் போகணும்.

வேப்பந்தட்டை வயக்காட்டுல என்ன நடக்குது?

பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம்னு விளையிற பூமி பெரம்பலூர் மாவட்டத்தின் வேப்பந்தட்டை வட்டாரம். இங்கே கிணறும் போர்வெல்லும் மோட்டாரை நம்பித்தான் இருக்கு.

அயர்ன் பாக்ஸ்ல வோல்டேஜ் குறைஞ்சா கரன்ட்டும் குறையும். மோட்டார்ல கதை தலைகீழ்! தண்ணியைத் தூக்குற வேலை கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கு. அந்த பவருக்காக, குறைஞ்ச வோல்டேஜை ஈடுகட்ட மோட்டார் கூடுதல் கரன்ட்டை இழுக்கும். 415 வோல்ட் வரவேண்டிய த்ரீ பேஸ் லைன்ல 332 வோல்ட்தான் வருதுன்னா, 20 சதவிகிதம் குறைவு. கரன்ட் சுமார் 25 சதவிகிதம் ஏறும். காயில் சூடு? 1.25 × 1.25, அதாவது ஒன்றரை மடங்குக்கும் மேல். மணிக்கணக்கில் அப்படியே ஓடினா காயில் கருகாம என்ன செய்யும்?

விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம்தான். ஆனா காயில் கட்டுற செலவு நம்ம தலையில. பயிர் தண்ணிக்குக் காத்திருக்கும் நாள்கள் தனிக் கணக்கு.

அப்பாகிட்ட இதைச் சொல்லுங்க

* ஸ்டார்ட்டர் பெட்டியில ரெண்டு மீட்டர் இருக்கும். மோட்டார் போடும் முன்னாடி வோல்ட் மீட்டரைப் பாருங்க. போட்ட பிறகு ஆம்ஸ் மீட்டரைப் பாருங்க.
* மோட்டார் தகட்டுல எழுதியிருக்கிற ஆம்பியரைத் தாண்டி முள் நின்னா, உடனே நிறுத்திடுங்க.
* 'அடிக்கடி ட்ரிப் ஆகுது'ன்னு ஓவர்லோடு ரிலேவைத் திருகி ஏத்தி வைக்காதீங்க. மோட்டாரைக் காப்பாத்தத்தான் அது ட்ரிப் ஆகுது.
* மூணு பேஸும் வருதான்னு பாருங்க. ஒண்ணு போனாலும் மத்த ரெண்டுல கரன்ட் எகிறிடும்.

ஒரு சின்ன எச்சரிக்கை

ரெண்டு சூத்திரமும் ஹீட்டர், அயர்ன் பாக்ஸுக்கு அப்படியே பொருந்தும். ஃபேன், மோட்டாருக்கு வோல்டேஜையும் கரன்ட்டையும் பெருக்கினா வர்றது தோராயம்தான். அங்கே பவர் ஃபேக்டர்னு இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பெருக்கணும். த்ரீ பேஸ்னா கூடவே 1.73-ஆலும் பெருக்கணும்.

கரன்ட்டை அளக்கணும்னா கிளாம்ப் மீட்டர் வெச்சிருக்கிற எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. வயரைப் பிரிச்சு நீங்களே சோதிக்க வேண்டாம். கணக்குப் போட உங்க மொபைல்ல இருக்கிற கால்குலேட்டர் போதும்!