குப்பையே கலையான தெரு: இடித்தும், எரித்தும் மீண்டெழுந்த டெட்ராய்ட் ‘ஹைடல்பெர்க்’… என்ன கதை?

அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரம். அதன் கிழக்குப் பகுதியில் உள்ள ஹைடல்பெர்க் தெருவில் டிக்கெட் கிடையாது, கேட் கிடையாது. ஆனாலும் உலகம் முழுவதும் இருந்து மக்கள் தேடி வருகிறார்கள். அப்படி என்ன இருக்கு அங்கே?

என்ன பார்க்கலாம்?

சுவரெல்லாம் வண்ணப் புள்ளிகள் வைத்த ஒரு வீடு. காலி மனைகளில் பழைய ஷூக்கள், பொம்மைகள், உடைந்த டிவிகள். பலகைகளில் வரைந்த கடிகாரங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டும். எல்லாமே யாரோ வேண்டாம் என்று தூக்கிப் போட்டவை.

யார் தொடங்கியது?

இதே தெருவில் வளர்ந்த ஓவியர் டைரீ கைட்டன். 1986-ல் தாத்தா சாம் மேக்கியுடன் சேர்ந்து தெருவைச் சுத்தம் செய்யத் தொடங்கினார். அள்ளிய குப்பையே கலைப்பொருள் ஆனது. தாத்தாவுக்குப் பிடித்த ஜெல்லி பீன்ஸ் மிட்டாய்தான் அந்த வண்ணப் புள்ளிகளுக்குக் காரணம்.

தெரு ஏன் காலியானது?

கார் தொழிலால் செழித்த டெட்ராய்ட்டில் 1950-ல் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்தனர். 2020-ல் மிஞ்சியது சுமார் 6.4 லட்சம்தான். வேலை போனது, 1967-ல் கலவரம் வெடித்தது, மக்கள் வெளியேறினார்கள். வீடுகள் பூட்டிக் கிடந்தன.

எதிர்ப்பு ஏன்?

அக்கம்பக்கத்தினர் சிலருக்கு இது கலையாகத் தெரியவில்லை. ‘வீட்டு வாசலில் குப்பையா?’ என்பதே அவர்கள் கேள்வி. 1991, 1999 என இரண்டு முறை மாநகர நிர்வாகமே புல்டோசர் விட்டு இடித்தது. கைட்டன் மறுபடியும் கட்டினார். 2013-ல் நகரமே திவாலானது. அதே ஆண்டு தொடங்கி அடுத்தடுத்து தீ வைப்புச் சம்பவங்கள். பல வீடுகள் சாம்பலாயின.

இப்போது என்ன நிலை?

30 ஆண்டுகளுக்குப் பிறகு, 2016-ல், படிப்படியாகத் தானே பிரித்து எடுக்கப்போவதாக கைட்டன் அறிவித்தார். அதனால் பழைய போட்டோக்களில் பார்த்த எல்லாமே நேரில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எரிந்த வீடுகள் நின்ற காலி மனைகளும் இந்தக் கதையின் பகுதிதான்.

போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை

* இது மியூசியம் இல்லை, மக்கள் வாழும் தெரு. வீட்டு வாசலை மறித்து வண்டி நிறுத்தாதீர்கள்.
* குடியிருப்பவர்களைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேளுங்கள்.
* குப்பை மாதிரி தெரிந்தாலும் எதையும் எடுக்காதீர்கள். அங்கே அது ஒருவரின் படைப்பு.