முகமும் நேர்வாளமும்

முகத்தோலை அமிலத்தால் உரிப்பது இன்று அசோக் நகர், வடபழனி, தி. நகர் வட்டாரங்களில் சாதாரணமாகிவிட்ட ஒரு சிகிச்சை. 'கெமிக்கல் பீல்' என்ற சொல்லைத் தமிழாக்கும் அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை. தமிழாக்கினால் விஷயம் அப்பட்டமாகிவிடும். நம் பேச்சில் 'தோலை உரிப்பேன்' என்பது மிரட்டல். சிகிச்சையின் சாரமும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை. ஆழம் கணித்து உண்டாக்கப்படும் ஒரு காயம். அதை ஆற்றும் முயற்சியில் உடம்பு புதிதாக வளர்த்துத் தரும் தோல். எவ்வளவு ஆழம், யாருடைய தோல் என்ற இரண்டு கேள்விகளும் இச்சிகிச்சையின் சரித்திரம் நெடுகிலும் வருகின்றன. முதல் கேள்விக்குச் செலுத்தப்பட்ட கவனம் இரண்டாவதற்கு வெகுகாலம் கிடைக்கவில்லை.

நவீன மருத்துவத்தில் இதன் தொடக்கமாக 1882-ஐச் சொல்கிறார்கள். ஹாம்பர்க் நகரின் சரும மருத்துவர் பால் கெர்சன் உன்னா அந்த வருஷம் சாலிசிலிக் அமிலம், ரெசார்சின், ஃபீனால், ட்ரைகுளோரோஅசிடிக் அமிலம் ஆகியவை தோலில் என்ன செய்கின்றன என்று விவரித்தார். இவற்றில் ஃபீனால் என்பது கார்பாலிக் அமிலம்தான். 1867-ல் லிஸ்டர் ரணங்களில் கிருமி சேராதிருக்கப் பரிந்துரைத்தது. நமக்குச் சோப்பின் வாசனையாக அறிமுகமானது. நியூயார்க்கில் மக்கீ 1903 முதல் அதை முகப்பரு வடுக்களுக்குத் தடவிப் பார்த்தார். முடிவுகளை வெளியிட்டது 1952-ல். ஃபீனால் தோலோடு நிற்பதில்லை. ரத்தத்தில் கலந்து இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கக்கூடியது.

மருத்துவர்கள் இப்படித் தயங்கிக்கொண்டிருந்த காலத்தில், அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் ஏதுமற்ற சிலர் இதைத் தொழிலாகவே நடத்தினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் சினிமா உலகமும் ஃப்ளாரிடாவின் பணக்கார முதுமையும் அவர்களுடைய சந்தை. தைலத்தின் சேர்மானம் ரகசியம். அந்த ரகசியம் கசிந்து கைமாறி, 1960-களின் தொடக்கத்தில் பேக்கர், கார்டன் என்ற இரு மயாமி மருத்துவர்களின் பெயரால் சாஸ்திர அந்தஸ்து பெற்றது. 88 சதவீத ஃபீனால் 3 மில்லி, தண்ணீர் 2 மில்லி, திரவ சோப்பு 8 சொட்டு, க்ரோட்டன் எண்ணெய் 3 சொட்டு.

கடைசியாக வரும் அந்த மூன்று சொட்டு நமக்குப் புதிதல்ல. க்ரோட்டன் எண்ணெய் என்பது நேர்வாளங்கொட்டையிலிருந்து எடுப்பது. சித்த வைத்தியத்தில் கடும் பேதி மருந்து; அகத்தியர் குழம்பில் சேர்வது. மேலோடும் உள்முளையும் நீக்கி, சுத்தி செய்த பிறகே அதை மருந்தில் சேர்ப்பார்கள். சென்னையில் கும்பினி மருத்துவராக இருந்த வைட்லா ஐன்ஸ்லி, தமது மருந்துப்பொருள் நூலில் தமிழ்ப் பெயரோடேயே இதைப் பதிவு செய்திருக்கிறார். நூல் 1813-ல் சென்னையில் அச்சாகி, 1826-ல் லண்டனில் விரிவாக வெளிவந்தது. 1820-களில் இந்த எண்ணெயை ஆங்கில மருத்துவத்தில் மறுபடி புழக்கத்துக்குக் கொண்டுவந்த கான்வெல்லும் சென்னை ராஜதானியில் வேலை பார்த்தவர்தான். பேதிக்கு உள்ளே கொடுத்ததோடு, தோலில் தேய்த்துக் கொப்புளம் கிளப்பவும் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய மருத்துவம் இதைப் பயன்படுத்தியது. தோலோடு இதற்கு ஏற்பட்ட சம்பந்தம் அப்படித்தான்.

ஃபீனால்தான் வேலை செய்கிறது, நேர்வாளம் ஒரு துணைச் சரக்கு என்றே நாற்பது வருஷம் நம்பப்பட்டது. 2000-ல் ஹெட்டர் என்ற அமெரிக்க மருத்துவர் வெளியிட்ட தொடர் கட்டுரைகள் இதைத் தலைகீழாக்கின. காயத்தின் ஆழத்தைத் தீர்மானிப்பதில் நேர்வாள எண்ணெயின் அளவுக்குப் பெரும் பங்கு உண்டு. சொட்டுக் கணக்கில் ஊற்றிக்கொண்டிருந்ததே மருந்தின் வீரியமாக இருந்திருக்கிறது. சுத்தி செய்யாமல் தொடக்கூடாது என்று வைத்தியன் ஒதுக்கிவைத்த அதே வீரியம்.

இத்தனையும் பரீட்சிக்கப்பட்டது பெரும்பாலும் வெள்ளைத் தோலில். தோலை வெயிலுக்கு அது காட்டும் எதிர்வினையைக் கொண்டு வகைப்படுத்தும் ஃபிட்ஸ்பேட்ரிக் அட்டவணை 1975-ல் உருவானபோது அதில் வெள்ளைத் தோலின் வகைகள் மட்டுமே இருந்தன. பழுப்பும் கறுப்பும் பின்னால் சேர்க்கப்பட்டவை. நிறத்தை உண்டாக்கும் செல்களின் எண்ணிக்கையில் மனிதர்களுக்குள் பெரிய பேதமில்லை. பேதம் அவை சுரக்கும் நிறமியின் அளவிலும் பரவலிலும். நம் தோலில் அச்செல்கள் சுறுசுறுப்பானவை. காயம் பட்டால் அழற்சியின் தூண்டுதலில் கூடுதல் நிறமியைச் சுரக்கும். கொசுக்கடியும் பருவும் மாதக்கணக்கில் கரும்புள்ளியாக நிற்பது இதனால்தான். வெளுப்பை நாடி உரித்த முகம் மேலும் கறுத்துவிடுவது இதே நியாயத்தில். இன்னும் ஆழமாகப் போனால் நேர்எதிர்: நிறச்செல்களே செயலிழந்து, திரும்பாத வெண்மை. வெள்ளை முகத்தில் தாடையோரம் ஒரு கோடாகத் தெரிவது பழுப்பு முகத்தில் முகமூடியாகத் தெரியும்.

அட்டவணை பிறந்த அதே 1975-ல்தான் ஹிந்துஸ்தான் லீவர் 'ஃபேர் அண்ட் லவ்லி'யைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்க 2020 வரை ஆயிற்று. பரு வடுவும் மங்கும் உண்மையான உபாதைகள். அவற்றுக்கு அமிலச் சிகிச்சை நியாயமாகவே பலன் தருகிறது. ஆனால் நம் ஊரில் அது வந்து சேர்ந்த இடம் இந்த ஆசை ஏற்கெனவே உழுதுவைத்த நிலம். வடுவைப் போக்க வந்தவரிடம் நிறத்தையும் விற்பது சுலபமாயிற்று.

இந்திய சரும மருத்துவர்களின் சங்கம் 2008-ல் வெளியிட்ட நெறிமுறை, இந்தியத் தோலுக்கு ஆழமான உரித்தலைப் பரிந்துரைக்கவில்லை. கிளைகாலிக், சாலிசிலிக் போன்றவற்றால் மேலோட்டமாக, இடைவெளிவிட்டு, பயிற்சி பெற்ற மருத்துவர் கையால், வெயிலுக்குக் காப்போடு என்பது அதன் சாரம். யாருடைய தோல் என்ற கேள்வி ஒருவழியாக எழுத்தில் ஏறிவிட்டது. சென்னையிலிருந்து நேர்வாளம் கப்பலேறியபோது அதன் பெயர் கூடவே போயிற்று. அதைக் கையாண்டவனின் அச்சம் போகவில்லை. நூற்றெண்பது வருஷத்துக்கும் மேலாகச் சுற்றி, பல முகங்களின் செலவில், அந்த அச்சம் இந்த நெறிமுறையாக நம்மிடம் திரும்பியிருக்கிறது. அது முகம் காட்ட வருபவருக்கு அவருடைய மொழியில் சொல்லப்படுகிறதா என்பதுதான் மீதி.