முலுகின் காட்டு வழிகளில் சீதக்கா: 2020 ஊரடங்குக் கால நிவாரணப் பணி

சீதக்கா (இயற்பெயர்: தனசரி அனசூயா, பிறப்பு: 9 ஜூலை 1971) தெலங்கானா மாநிலத்தின் முலுகு தொகுதி சட்டமன்ற உறுப்பினர். 2020 ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது, சாலை வசதியற்ற பழங்குடிக் குடியிருப்புகளுக்கு அரிசி, பருப்பு, காய்கறிகளை நேரில் கொண்டுசேர்த்ததால் நாடு முழுவதும் அறியப்பட்டார். அப்பணி எத்தகைய சூழலில் நடந்தது, அரசு உதவி இருந்தும் அது ஏன் தேவைப்பட்டது, அதனால் எவை மாறின, எவை மாறவில்லை என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

முலுகு: நிலமும் மக்களும்

முலுகு, தெலங்கானாவின் வடகிழக்கில் கோதாவரி ஆற்றையொட்டி அமைந்த காட்டு மாவட்டம். இதன் பெரும்பகுதி முன்பு வாரங்கல் மாவட்டத்தில் இருந்தது. 2016 அக்டோபரில் ஜெயசங்கர் பூபாலபள்ளி மாவட்டம் உருவானபோது அதனோடு சேர்ந்தது. பின்னர் 2019 பிப்ரவரி 17 அன்று முலுகு தனி மாவட்டமாயிற்று. அண்டை மாநிலமான சத்தீஸ்கரின் பிஜாப்பூர் மாவட்டக் காடுகள் இதன் எல்லையைத் தொடுகின்றன. 2011 கணக்கெடுப்பின்படி இம்மாவட்டப் பகுதியின் மக்கள்தொகை 3 இலட்சத்துக்கும் குறைவு. காக்கத்தியர் காலத்து இராமப்பா கோயிலும் ஏட்டூர்நாகாரம் வனவிலங்கு சரணாலயமும் இங்குதான் உள்ளன.

இங்கு வாழும் பழங்குடியினரில் முதன்மையானவர்கள் கோயா மக்கள். இவர்களது கோயா மொழி திராவிட மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நெல், பருத்தி, மிளகாய் ஆகியவற்றின் சாகுபடியோடு காட்டுப் பொருள்களும் இவர்களுக்கு வருவாய் தருகின்றன. கோடைக்காலம் இலுப்பைப் பூவும் பீடி இலையும் சேகரிக்கும் பருவம். சேகரித்ததை வாரச் சந்தையில் விற்று, உப்பும் எண்ணெயும் துணியும் வாங்கிச் செல்வது வழக்கம். ஆகவே, சந்தை மூடப்பட்டால் விற்பதும் வாங்குவதும் ஒரே நாளில் நின்றுபோகும்.

2020 பிப்ரவரி 5 முதல் 8 வரை இம்மாவட்டத்திலுள்ள மேடாரத்தில் சம்மக்கா சாரலம்மா திருவிழா நடந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் இப்பழங்குடித் திருவிழாவுக்குப் பல மாநிலங்களிலிருந்தும் பெருந்திரளாக மக்கள் வந்தனர். அதன் பிறகு ஏழு வாரங்களுக்குள் அதே சாலைகளில் ஆள் நடமாட்டம் அடங்கிவிட்டது.

குத்தி கோயாக்கள்

முலுகுக் காடுகளில் குத்தி கோயா எனப்படும் மக்களும் வாழ்கின்றனர். இவர்களுடைய பூர்வீகம் சத்தீஸ்கரின் தண்டகாரண்யப் பகுதி. வேலை தேடி எல்லை தாண்டி வருவது முன்பே உண்டு. 2005 இல் சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளுக்கு எதிராக ‘சல்வா ஜூடும்’ என்ற இயக்கம் தொடங்கிய பின், இருதரப்பு மோதலுக்கு இடையில் சிக்கிய பல குடும்பங்கள் ஊரைவிட்டு வெளியேறின. அவற்றில் ஒரு பகுதியினர் கோதாவரிக் கரைக் காடுகளில் குடிசை அமைத்துத் தங்கினர். பழங்குடி இளைஞர்களைச் சிறப்புக் காவலர்களாக்கி ஆயுதம் வழங்கியது அரசியலமைப்புக்கு முரணானது என்று 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனினும், வெளியேறியவர்களில் பலர் திரும்பிச் செல்லவில்லை.

புதிய இடத்திலும் இவர்களுக்கு உறுதியான நிலை கிடைக்கவில்லை. தெலங்கானாவில் இவர்கள் பட்டியல் பழங்குடியினராக ஏற்கப்படவில்லை. பயிரிடும் நிலம் வனத்துறைக்கு உரியது என்பதால் ஆக்கிரமிப்பாளர்களாகவே கருதப்பட்டனர். குடிசைகள் அகற்றப்பட்டதும், அது நீதிமன்றம் வரை சென்றதும் உண்டு. பல குடியிருப்புகளுக்குச் சாலையோ மின்சாரமோ இல்லை. குடும்ப அட்டை இல்லாத வீடுகளும் இருந்தன. ஊரடங்கின்போது இந்தக் குறைகள் ஒன்றுசேர்ந்து பசியாக வெளிப்பட்டன.

சீதக்காவின் பின்னணி

சீதக்கா முலுகுக்கு அருகிலுள்ள ஜக்கன்னபேட்டையில் கோயா குடும்பம் ஒன்றில் பிறந்தார். பள்ளிப் பருவத்திலேயே நக்சல் இயக்கத்தில் சேர்ந்து, ஜனசக்தி குழுவில் பணியாற்றினார். அங்கு பெற்ற ‘சீதா’ என்ற பெயரோடு ‘அக்கா’ சேர்ந்து ‘சீதக்கா’ ஆயிற்று. தெலுங்கிலும் அக்கா என்பது மூத்த சகோதரியையே குறிக்கும். ஏறத்தாழ பத்து ஆண்டுகள் காட்டில் தலைமறைவாக வாழ்ந்தபின், 1997 இல் அரசின் பொதுமன்னிப்பை ஏற்று இயக்கத்தைவிட்டு வெளிவந்தார். பின்னர் சட்டம் படித்து வழக்கறிஞரானார்.

2004 சட்டமன்றத் தேர்தலில் தெலுங்கு தேசம் கட்சி வேட்பாளராக முலுகில் நின்று தோற்றார். 2009 இல் அதே தொகுதியில் வென்றார்; 2014 இல் மீண்டும் தோற்றார். 2017 இல் காங்கிரசில் சேர்ந்து 2018 தேர்தலில் வெற்றி பெற்றார். அத்தேர்தலில் 119 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 19 மட்டுமே. அவர்களிலும் 12 பேர் 2019 ஜூனில் ஆளும் தெலங்கானா இராஷ்டிர சமிதியில் இணைந்தனர். சீதக்கா தம் கட்சியிலேயே தொடர்ந்தார். எனவே, ஊரடங்கு வந்தபோது அவர் அதிகாரம் ஏதுமற்ற ஒரு சிறிய எதிர்க்கட்சி அணியின் உறுப்பினராகவே இருந்தார். இதையும் மனத்தில் கொண்டே அவரது பணியை மதிப்பிட வேண்டும்.

ஊரடங்கும் அரசு உதவியும்

2020 மார்ச் 22 அன்று நாடெங்கும் ‘மக்கள் ஊரடங்கு’ கடைப்பிடிக்கப்பட்டது. அன்றே தெலங்கானா அரசு மாநில அளவிலான ஊரடங்கை அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு தொடங்கியது. பிறகு அது மே 3, மே 17, மே 31 எனப் படிப்படியாக நீட்டிக்கப்பட்டது.

அரசு கைகட்டி இருந்துவிடவில்லை. குடும்ப அட்டை உள்ளவர்களுக்கு ஆளுக்கு 12 கிலோ அரிசியும், குடும்பத்துக்கு 1,500 ரூபாயும் தெலங்கானா அரசு அறிவித்தது. பிற மாநிலத் தொழிலாளர்களுக்கு ஆளுக்கு 12 கிலோ அரிசியும் 500 ரூபாயும் வழங்க முன்வந்தது. மத்திய அரசு மார்ச் 26 அன்று, ஏப்ரல் முதல் மூன்று மாதங்களுக்கு ஆளுக்கு 5 கிலோ தானியமும் குடும்பத்துக்கு ஒரு கிலோ பருப்பும் கூடுதலாக அறிவித்தது.

இந்த உதவிகள் பெரும்பாலான குடும்பங்களுக்குப் பேருதவியாக இருந்தன என்பதில் ஐயமில்லை. ஆனால் இவை ஒருவரைச் சென்றடைய மூன்று படிகளைக் கடக்க வேண்டும்: அவர் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும், அவர் எட்டக்கூடிய தொலைவில் நியாய விலைக் கடை இருக்க வேண்டும், கடைக்குச் சென்றுவர வழி திறந்திருக்க வேண்டும். காட்டுக் குடியிருப்புகள் பலவற்றில் இவற்றில் ஏதேனும் ஒன்றோ மூன்றுமோ இல்லை. அரிசி கிடைத்தவர்களுக்கும் பருப்பு, எண்ணெய், உப்பு, சோப்பு வாங்கக் கையில் காசு இல்லை.

எல்லை தாண்டி மிளகாய் பறிக்க வந்த கூலிகளின் நிலை இன்னும் மோசம். ஆண்டுதோறும் பருவ காலத்தில் பிஜாப்பூர் முதலிய மாவட்டங்களிலிருந்து முலுகு வயல்களுக்கு இவர்கள் வருவது வழக்கம். வேலையும் பேருந்தும் ஒருசேர நின்றதால் பலர் காட்டு வழியே நடந்தே ஊர் திரும்பினர். அவ்வாறு நடந்தவர்களில் ஒரு சிறுமி, 2020 ஏப்ரலில், வீடு சேருமுன் வழியிலேயே உயிரிழந்தாள். எல்லையோர ஏழைகளுக்கு ஊரடங்கு எத்தகையதாக இருந்தது என்பதற்கு அம்மரணமே சான்று.

நிவாரணப் பயணங்கள்

ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே சீதக்கா தம் தொகுதியின் உட்காட்டு ஊர்களுக்குச் செல்லத் தொடங்கினார். கோடையின் கடும் வெயிலில் இப்பயணங்கள் நாள்தோறும் தொடர்ந்தன. தார்ச்சாலை முடியும் இடம்வரை வாகனம்; அதற்கு அப்பால் டிராக்டர் அல்லது மாட்டு வண்டி; வண்டியும் போகாத இடத்தில் மூட்டைகளைத் தலையிலும் தோளிலும் சுமந்து நடை. அவருடன் கட்சித் தொண்டர்களும் உள்ளூர் இளைஞர்களும் சென்றனர். மலைச்சரிவுகளையும் ஓடைகளையும் கடந்து பல கிலோமீட்டர் நடக்க வேண்டிய ஊர்களும் இருந்தன.

இதற்கான பொருள்கள் அரசுக் கிடங்கிலிருந்து வந்தவை அல்ல. நண்பர்கள், ஆதரவாளர்கள், வெளியூர் நன்கொடையாளர்கள் ஆகியோரிடம் கேட்டுத் திரட்டப்பட்டவை. மார்ச் இறுதியில் மாநில அரசு நிதி நெருக்கடியைக் காரணம் காட்டி முதல்வர் முதல் சட்டமன்ற உறுப்பினர் வரை அனைவரின் ஊதியத்திலும் 75 விழுக்காட்டைப் பிடித்தம் செய்ய முடிவெடுத்திருந்தது. ஆகவே, பிறர் உதவியின்றி இப்பணி நடந்திருக்க முடியாது. பசித்தவருக்கு உணவளிக்கப் பிறரையும் அழைக்கும் ‘கோ ஹங்கர் கோ’ என்ற அறைகூவலை அவர் சமூக ஊடகத்தில் விடுத்தார். அது பலரையும் ஈர்த்து, நன்கொடை பெருக உதவியது.

காட்டில் அவர் கழித்த பழைய நாட்கள் இப்போது பயன்பட்டன. எந்த ஒற்றையடிப் பாதை எந்தக் குடியிருப்புக்குச் செல்லும், எந்த ஓடையை எங்கே கடக்கலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். கோயா மக்களிடம் அவர்கள் மொழியிலேயே பேசவும் முடிந்தது. அன்று துப்பாக்கி ஏந்தி நடந்த வழிகளில் இன்று உணவுப் பொருள் சுமந்து நடப்பதாக அவரே பேட்டிகளில் ஒப்பிட்டுக் கூறினார். வெளியாட்களைக் கண்டால் காட்டுக்குள் விலகிச் செல்லும் மக்கள் அவரை அக்கா என்று அழைத்து வரவேற்றதற்கு இந்த நீண்ட பழக்கமே காரணம்.

மதிப்பீடு

இப்பணியைப் பற்றி இரண்டு கேள்விகள் எழுவது இயல்பு. முதலாவது, விளம்பரம் பற்றியது. உதவி பெறுபவரோடு அரசியல்வாதிகள் படமெடுத்து வெளியிடுவதை அக்காலத்தில் பலர் கண்டித்தனர். சீதக்காவின் பயணங்களும் படங்கள் வழியாகவே வெளியுலகுக்குத் தெரிந்தன. ஆனால் நன்கொடையை மட்டுமே நம்பி நடந்த பணிக்கு அப்படங்களே நிதி திரட்டும் வழியாகவும் இருந்தன. ஒருநாள் கூத்தாக முடியாமல், வாரக்கணக்கில் தொடர்ந்து நடந்ததும் கணக்கில் கொள்ளத்தக்கது.

இரண்டாவது, தொற்று பற்றியது. மருத்துவ வசதியற்ற ஊர்களுக்குள் வெளியிலிருந்து ஆட்கள் செல்வது நோயையும் கொண்டுசெல்லக்கூடும். உதவி செய்பவருக்கும் ஆபத்து உண்டு. சென்னையில் ஊரடங்கு நிவாரணப் பணியில் ஈடுபட்டிருந்த சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன், கொரோனா தொற்றால் 2020 ஜூன் 10 அன்று, தம் 62 ஆவது பிறந்த நாளிலேயே காலமானார். போகாமல் இருந்தால் பசி, போனால் நோய் என்ற இக்கட்டில், பல மக்கள் பிரதிநிதிகள் போவதையே தேர்ந்தனர். அதற்கான விலையையும் சிலர் கொடுத்தனர்.

இவ்விரண்டையும்விடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. ஒரு சட்டமன்ற உறுப்பினர் அரிசி மூட்டையைச் சுமந்து செல்ல வேண்டிய நிலை ஏன் வந்தது? சாலையும் குடும்ப அட்டையும் முன்பே அக்குடியிருப்புகளை எட்டியிருந்தால் அந்த நடைக்குத் தேவையே இருந்திருக்காது. தலைச்சுமையாகச் சென்ற பொருள் சில நாள் பசியைத் தீர்த்தது. அம்மக்களின் உரிமைச் சிக்கல் அப்படியே இருந்தது. அவரது பணி அந்த இடைவெளியை நிரப்பவில்லை. அது எங்கே, எவ்வளவு ஆழமாக இருக்கிறது என்பதை நாட்டுக்குக் காட்டியது. அதையும் ஒரு பயன் என்றே கொள்ள வேண்டும்.

பின்னர்

2021 இல் இரண்டாம் அலையின்போது தெலங்கானாவில் மே 12 முதல் ஜூன் 19 வரை மீண்டும் ஊரடங்கு இருந்தது. அப்போதும் சீதக்கா தம் நிவாரணப் பணியைத் தொடர்ந்தார். 2022 அக்டோபரில் உஸ்மானியா பல்கலைக்கழகம் அவருக்கு அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் வழங்கியது. வாரங்கல், கம்மம் மாவட்டங்களில் குடியேறிய குத்தி கோயாக்கள் சமூகத்திலிருந்து எவ்வாறு ஒதுக்கப்பட்டுள்ளனர் என்பதே அவரது ஆய்வுப் பொருள். எந்த மக்களின் குடிசைகளுக்கு உணவுப் பொருள் சுமந்து சென்றாரோ, அவர்களின் வாழ்நிலையையே ஆய்வேடாகவும் எழுதினார். சிறுவயதில் நக்சலாவேன் என்றோ, நக்சலாக இருந்தபோது வழக்கறிஞராவேன் என்றோ, பின்னர் முனைவராவேன் என்றோ தாம் எண்ணியதில்லை என்று அப்போது அவர் குறிப்பிட்டார்.

2023 சட்டமன்றத் தேர்தலில் முலுகில் மீண்டும் வென்றார். காங்கிரசு ஆட்சி அமைத்தபோது, டிசம்பர் 7 அன்று அமைச்சராகப் பொறுப்பேற்றார். ஊராட்சி, ஊரக வளர்ச்சி, மகளிர் மற்றும் குழந்தைகள் நலம் ஆகிய துறைகள் அவருக்குக் கிடைத்தன. ஊரகச் சாலைகளும் அங்கன்வாடிகளும் இத்துறைகளைச் சார்ந்தவை.

ஆதலால் இவ்வரலாறு 2020 உடன் முடிந்துவிடவில்லை. சட்டமன்ற உறுப்பினராக இருந்தபோது அவரை மதிப்பிட, அவர் நடந்த தொலைவு போதுமானதாக இருந்தது. அமைச்சரான பின் அளவுகோல் மாறிவிட்டது. இனி ஒரு பேரிடர் வரும்போது, அந்தக் காட்டு ஊர்களுக்கு அரிசி கொண்டுசெல்ல எவரும் மூட்டை சுமந்து நடக்கத் தேவையில்லாத நிலை உருவாகியுள்ளதா என்பதைக் கொண்டே அவரது பணியையும் அரசின் பணியையும் வருங்காலம் எடைபோடும்.