மூன்று கடிகாரங்களும் நின்றபோது

எங்கள் மல்லசமுத்திரம், திருச்செங்கோடு பக்கத்து போர்வெல் வண்டிகள் சத்தீஸ்கர் வரை போய்த் தொழில் செய்பவை. அப்பா காலத்தில், வண்டி எங்கே நிற்கிறது என்று தெரிய டிரைவர் எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டால்தான் உண்டு. இன்று அண்ணன் செல்போனில் அதை ஒரு புள்ளியாகப் பார்த்துக்கொள்கிறார். பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தும் நான், அந்தப் புள்ளியின் கதையைச் சொல்லாமல் பாடத்தை முடிப்பதில்லை.

அந்தப் புள்ளியைக் காட்ட உதவும் செயற்கைக்கோள் அனுப்புவது நேரத்தை. சிக்னல் வந்துசேர எடுத்த நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தூரம். மைக்ரோ நொடி ஒன்று பிசகினால் 300 மீட்டர் பிசகும். ஜி.பி.எஸ். கோள்கள் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. அங்கே ஈர்ப்பு குறைவு. அதனால் கடிகாரம் நாளொன்றுக்கு 45 மைக்ரோ நொடி முந்துகிறது. கோளின் வேகத்தால் 7 பிந்துகிறது. மிச்சம் 38. தூரக் கணக்கில் அது ஒரே நாளில் 11 கி.மீ.!

ஐன்ஸ்டைன் தம் சார்பியலில் எழுதிவைத்த இந்தக் கணக்கை அமெரிக்கப் பொறியாளர்களிலேயே சிலர் நம்பவில்லை. 1977 ஜூனில் என்.டி.எஸ்.-2 என்ற கோளில் சீசியம் கடிகாரத்தை ஏற்றியபோது, திருத்தும் சாதனத்தையும் உடன் வைத்தார்கள், ஆனால் இயக்கவில்லை. இருபது நாள் பார்த்தார்கள். லட்சம் கோடியில் 446.5 பங்கு முந்தும் என்றது கணக்கு, முந்தியது 442.5. அதன்பின் சாதனத்தை இயக்கினார்கள். வகுப்பில் இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஜி.பி.எஸ். போல நம் நாட்டின் சொந்த வழிகாட்டி அமைப்பான நாவிக்கின் முதல் கோள் ஐ.ஆர்.என்.எஸ்.எஸ்.-1ஏ 2013 ஜூலை 1 அன்று ஏறியது. அதிலிருந்த மூன்று ருபீடியம் கடிகாரங்களும் சுவிட்சர்லாந்தில் செய்தவை. 2016இல் மூன்றுமே பழுதாயின. கோள் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நேரம் சொல்லாத கோளை வைத்து வழி காட்ட முடியாது. மாற்றாக 2017 ஆகஸ்டில் ஏவிய 1எச், ராக்கெட்டின் வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. 2018 ஏப்ரலில் ஏவிய ‘1ஐ’ கோள்தான் அந்த இடத்தை நிரப்பியது.

கடிகாரத்துக்கு வெளிநாட்டை நம்பியதற்கு நாம் கொடுத்த விலை அது. அகமதாபாத்தில் இஸ்ரோவின் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தார் ருபீடியம் கடிகாரத்தைத் தாமே உருவாக்கினார்கள். 2023 மே 29 அன்று என்.வி.எஸ்.-01 அதைச் சுமந்து சென்றது. ராக்கெட் ஏறுவதை நாடே கைதட்டிப் பார்க்கிறது. அந்தக் கடிகாரத்தைச் செய்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. நம் பாடநூலில் சார்பியலுக்கு எடுத்துக்காட்டாக அவர்களின் கடிகாரத்தைச் சேர்க்க வேண்டும்.