கோயில் இல்லாத காலத்துக் கோணேசர்

இறைநாமத்தின் பெருமையை எடுத்துரைக்கும் பாடல்கள் தமிழிலே மிகப்பல. ஆனால், நாமத்தையன்றி வேறொரு பற்றுக்கோடும் இல்லாத காலத்தை ஒரு சமூகம் எவ்வாறு கடந்தது என்பதை நாம் அதிகம் பேசுவதில்லை. திருகோணமலையின் வரலாறு அதற்குத் தக்க சான்றாகும்.

7ஆம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் இத்தலத்தின்மீது பாடிய பதிகம் மூன்றாந் திருமுறையில் உள்ளது. அவர் கடல் கடந்து இங்கு வந்தவரல்லர். இராமேசுவரத்திலிருந்தே பாடினார் என்பது பெரியபுராணம் தரும் செய்தி. பாட்டுத்தோறும் இறைவனை இம்மலையில் உறைபவர் என்றே குறிக்கிறார். கண்ணால் காணாத தலத்தைப் பெயரால் அணுகும் இந்த முறை, பிற்காலத்தில் இவ்வூர் மக்களுக்கே வேண்டியதாகும் என்று அன்று யார் நினைத்திருப்பார்?

1620களிலே போர்த்துக்கேயர் மலைமீதிருந்த கோயிலை இடித்தனர். அதன் கற்கள் கோட்டைச் சுவராயின. தமிழ்க் கல்வெட்டொன்றும் மீன் சின்னமும் பொறித்த கற்களைக் கோட்டை வாயிலில் இன்றும் காணலாம். அடுத்து ஒல்லாந்தர் வந்தனர், அவர்க்குப்பின் ஆங்கிலேயர். தம்பலகாமத்திலே ஆதிகோணேசர் கோயில் எழுந்ததாயினும், மலையுச்சி மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக வெறுமையாகவே கிடந்தது.

வெறுமை என்றேன்; அச்சொல் முழுதும் பொருந்தாது. 19ஆம் நூற்றாண்டிலே அடியார்கள் அம்மலை விளிம்பில் நின்று பூவும் பழமும் கடலில் இட்டு வழிபட்டதை ஆங்கிலேயரும் எழுதிவைத்துள்ளனர். கர்ப்பக்கிருகம் இல்லை, மூர்த்தி இல்லை. கீழே அலை, வாயிலே நாமம். அவ்வளவே.

தமிழ் படிப்பிப்பவன் என்ற முறையில் இங்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. சிவனுக்கு ஆயிரம் பெயர் உண்டு. அவற்றுட் பல எவ்வூராருக்கும் பொதுவானவை. ‘கோணேசர்’ என்பதோ ஊரையும் உள்ளடக்கிய பெயர். அதைச் சொல்லுந்தோறும் மலையும் கடலும் கூடவே வருகின்றன. 1990 யூனிலே நாங்கள் வீட்டைவிட்டு அகதிமுகாமில் இருந்தபோது, என் அம்மம்மா இரவெல்லாம் “கோணேசப்பா, கோணேசப்பா” என்று முணுமுணுத்துக்கொண்டிருப்பார். எனக்கு அப்போது பத்து வயது. அவர் கடவுளை அழைக்கிறார் என்றே எண்ணியிருந்தேன். அவர் தம் வீட்டையும் சேர்த்தே அழைத்தார் என்று இன்று கருதுகிறேன். பொதுப்பெயர் ஒன்று அந்த ஆறுதலைத் தந்திருக்குமா என்பது ஐயமே. தத்துவம் கற்றோர் இதனை மறுக்கலாம், மறுக்கட்டும்.

1950இலே நகரில் கிணறொன்று தோண்டியபோது, முன்னோர் புதைத்து மறைத்த செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. சோமாஸ்கந்தர் அவற்றுள் ஒருவர். மலையிலே கோயில் மீண்டும் எழுந்து 1963இல் குடமுழுக்குக் கண்டது. புதைத்தவர்கள் யாரென்று எந்த ஏடும் கூறவில்லை. ஆயினும் மண்ணிலிருந்து வந்த மூர்த்தி யாருக்குரியவர் என்று எவரும் மயங்கவில்லை. பெயர் அதுவரை வழக்கொழியாது இருந்தது.

அது ஏட்டில் மட்டும் இருக்கவில்லை, பிள்ளைகளின்மேலும் இருந்தது. கோணேசலிங்கம், கோணேஸ்வரன், கோணாமலை என்று வீட்டுக்கொருவர் இருந்த ஊர் இது. இப்போது எண்சாத்திரம் பார்த்து, வாயில் நுழையாத பெயர்களை வைக்கிறார்கள். இவ்வாண்டு என் வகுப்பு இடாப்பிலே கோணேஸ்வரன் ஒருவன்தான் இருக்கிறான். அப்பப்பாவின் பெயராம்.