எக்ஸ்பி போனது, லினக்ஸ் வந்தது, அப்டேட்?

2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8 வரைதான் பாதுகாப்பு அப்டேட் என்று மைக்ரோசாப்ட் அறிவித்தது. அதற்குப் பிறகு தெரியவரும் ஓட்டைகளை யார் அடைப்பது? எனவே 2013இல் தமிழக அரசு தன் துறைகளை, சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸுக்கு மாறச் சொன்னது. தர்மபுரி தாலுகா அலுவலகங்கள் வரை எட்ட வேண்டிய மாற்றம் அது.

2017 மே மாதம் வான்னாக்ரை மால்வேர் பரவியது. கேரளாவின் வயநாட்டில் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளையும் பூட்டிப் பணம் கேட்டது. உலகளவில் அதிகம் மாட்டியது எக்ஸ்பி அல்ல, விண்டோஸ் 7! அதற்கான அப்டேட் மார்ச்சிலேயே வந்திருந்தது, பலர் போடவில்லை.

லினக்ஸ் என்றால் கவலையே இல்லையா? 2014இல் வெளிப்பட்ட ஷெல்ஷாக் ஓட்டை லினக்ஸிலும் இருந்ததே! எந்த இயங்குதளமானாலும், அப்டேட் போடும் பொறுப்பு அலுவலகத்தில் ஒருவருக்கு இருக்க வேண்டும்.